ஓரமாக வைத்த சேலைகள்

மாதிரித் தேர்வில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் சண்முகவடிவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பதில் புத்தகத்தில் இடப்பக்கத்தில் இருக்கிறது, பக்கத்தின் நடுவில், ரோஸ் நிறம் பூசிய வரிகளில். அந்த வரிகளில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை. 

மயிலாப்பூரில் மாலை வகுப்பு. கம்பெனி செக்ரட்டரி படிப்பு. ஒப்பந்தச் சட்டத்தில் அவள் தோற்றுப்போன செய்தி, மதிப்பெண் சொன்ன அன்று அவள் வீட்டுக்கு வருவதற்குள் அண்ணன் ஜவஹரின் கைபேசிக்கு வந்துவிட்டது.

"இன்னொரு மாதிரித் தேர்வு இருக்குல்லா? அதுலயும் இப்படின்னா வகுப்ப நிறுத்திருவோம். கடையில ஆள் பத்தல" என்றான் ஜவஹர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் அவர்களுடைய சேலைக்கடை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தொடங்கியது. இப்போது ஜவஹர் பொறுப்பில் இருக்கிறது. வடிவு பகலெல்லாம் அங்கே நிற்பாள், மாலையில் வகுப்புக்குப் போவாள். அவள் சோம்பேறி இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை வாசித்தாள். விளக்கத்துக்கு மஞ்சள், விதிவிலக்குக்கு ரோஸ், வழக்குகளுக்குப் பச்சை. புத்தகமே பூக்கடை மாதிரி இருந்தது. இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் தனக்கு மூளை அவ்வளவுதானோ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் ஓயும். காலையில் வந்தவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகள் மலையாகக் கிடக்கும். அவற்றை மடித்து அடுக்குவது வடிவும் கடையில் வேலை பார்க்கும் ஹாஜிரா பீயும்தான். புத்தகத்தைக் கல்லாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே வடிவு மடிப்பாள்.

"நேத்து இன்னா படிச்சே?" என்று ஹாஜிரா பீ சும்மாத்தான் கேட்டாள்.

"முன்மொழிவு. அதாவது…" வடிவின் கை புத்தகத்தை நோக்கிப் போனது.

ஹாஜிரா பீ கையிலிருந்த சேலையைத் தூக்கிப் புத்தகத்தின்மேல் போட்டாள். "தோ பாரு. கஸ்டமர் கேட்டா பொஸ்தகத்தப் பாத்துக்கினா சொல்றே? வாயால சொல்லு."

 வடிவு கண்ணெதிரே தொங்கிய விலைச்சீட்டைக் காட்டினாள். "நாம விலை எழுதி மாட்டி வச்சிருக்கோம்ல, அது முன்மொழிவு இல்ல. வாங்கன்னு கூப்பிடுறது, அவ்வளவுதான். வாங்க வர்றவங்க 'இதைக் குடுங்க'ன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் முன்மொழிவு."

"அப்ப நம்ம மாட்டேன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"ஏன்?"

அந்த 'ஏன்' அவளைப் பிடித்துக்கொண்டது. பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதி தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான்கு முறை வாசித்தபோது அது ஒருமுறைகூடத் தெரியவில்லை.

மறுநாள் அவளே ஒரு விதி வைத்தாள். ஒரு சேலை, ஒரு கேள்வி. புத்தகத்தை மூடிவிட்டுப் பதிலை முழுதாகச் சொன்னால்தான் சேலை அலமாரிக்குப் போகும். தடுமாறினால் ஓரமாக வைத்துவிட வேண்டும். அடுத்த நாள் ஓரக் குவியலில்தான் தொடங்க வேண்டும். நன்றாகப் பதில் சொன்ன கேள்வியையும் ஹாஜிரா பீ நாலைந்து நாள் விட்டுத் திடீரென்று கேட்பாள். "இன்னா, மறந்துட்டியா? மானம் போச்சு" என்று சிரிப்பாள்.

முதல் வாரம் ஓரக் குவியல்தான் பெரிதாக இருந்தது. வடிவுக்கு அழுகை வந்தது. ஆனால் இந்த முறை எது தெரியாது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒருநாள் அடையாறிலிருந்து வந்த மாமி ஒருத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓரக் குவியலைக் காட்டினாள். "அந்தப் பச்சையை எடுங்கோ."

"அது இன்னும் தெரியாது மாமி" என்று சொல்லிவிட்டு வடிவு நாக்கைக் கடித்தாள்.

ஜவஹர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். "என்னட்டி தெரியாது? விக்க வச்ச சேலைய எதுக்கு ஒளிச்சு வச்சிருக்க?"

வேறு வழியின்றி விதியைச் சொன்னாள். ஹாஜிரா பீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஜவஹர் பச்சைச் சேலையைக் கையில் எடுத்தான். "சரி, இது என்ன?"

"ஒப்படைப்பு."

"சொல்லு. மாமி காத்திட்டிருக்காங்க."

"இந்தச் சேலைய ஃபால்ஸ் தைக்க டெய்லர்ட்ட குடுக்கோம்னு வைங்கண்ணே. சேலை நம்மளது. இருக்கது அவர் கையில. வேலை முடியிற வரைக்கும் கவனமா வச்சிருந்து திருப்பித் தரணும்."

"கூலி குடுக்கலன்னா?"

"குடுக்கிற வரைக்கும் அவரே சேலையைப் பிடிச்சு வச்சுக்கலாம். அது பற்றுரிமை."

முந்தின நாள் வராத சொல் தானாக வந்து விழுந்தது.

"பேஷ்! இப்போ எடுத்துக்கலாமோன்னோ?" என்று மாமி சேலையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது மாதிரித் தேர்வில் வடிவுக்கு எந்த நிறமும் நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'ஏன்?' என்று ஒரு குரல் கேட்டது. அதற்குப் பதிலாக எழுதிக்கொண்டே போனாள். ஒரு கேள்வியில் மட்டும், உத்தரவாதம் பற்றியதில், தடுமாறினாள்.

அடுத்த வாரம் ஆசிரியர் அவளுடைய விடைத்தாளிலிருந்து ஒரு பதிலை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். விலைச்சீட்டு உதாரணம். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார். "எங்க கடையில சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

ஜவஹர் அவளிடம் எதுவும் பாராட்டிச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சேலை பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்க தங்கச்சி, சட்டம் படிக்கா" என்ற செய்தி போனது.

ஒருநாள் மதியம் மடிப்பு முடிந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு நீலச் சேலை இருந்தது. உத்தரவாதம். வடிவே வைத்தது.

அப்போது உள்ளே வந்த ஒரு பெண் நேராக அதைக் கை காட்டினாள். "அந்த நீலம் என்ன விலைங்க?"

வடிவு எழுந்தாள். அதற்குள் ஜவஹர் கல்லாவிலிருந்தே சொன்னான்:

"அது மட்டும் நாளைக்கு வாங்கம்மா. தங்கச்சி இன்னும் படிச்சு முடிக்கல."