மூன்றாம் ஓலை

கட்டு மறுபடி நழுவியது, வெள்ளைத் துணி காதோரம் மேலேறிச் சுருங்க, அப்பாவின் தாடை தன்பாட்டுக்குக் கீழே இறங்கி வாய் திறந்துகொண்டது, எதையோ சொல்ல வாயெடுத்தவர் மாதிரி, ஹெப்சிபாய் முகவாய்க்குக் கீழே விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள், பழைய வேட்டியில் கிழித்த துணிதான், நிற்கமாட்டேன் என்கிறது, ரத்தினபாய் சித்தி பக்கத்தில் நின்று, ஏட்டி, இறுக்கிக் கட்டு, இன்னும் கொஞ்ச நேரத்துல விறைச்சுரும், அப்புறம் திறந்த வாய் திறந்தபடியே நின்னுரும், ஊரே வந்து பாக்குமே, என்றாள், வலிக்குமோன்னு பாக்கியா, அவங்களுக்கு இனி என்ன வலி.

வெளியே பந்தல் போடுகிற சத்தம், கயிறு வீசுகிறவனும் பிடிக்கிறவனும் சபையின் வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள், பையன்கள் என்று பேர்தான், பாதித் தலை நரைத்தாயிற்று, அப்பா, ஞானாபரணம் ஐயர், இந்தச் சபைக்கு வந்த காலத்தில் அவர் பின்னால் திரிந்தவர்கள், அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வார்கள், ஐயர் கழுத்தில் சிலுவையோடு ஒரு விசிலும் தொங்கும், பிரசங்கம் முடிந்து அங்கியைக் கழற்றினால் கோயிலுக்குப் பின்னால் வாலிபால் வலை, யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் பையன்களை ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு, குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடந்தவனைத் தோளில் போட்டு வந்து வீட்டு முன்னறையில் படுக்கவைத்து அவன் வாந்தியை அவரே வாரியிருக்கிறார், அப்பா எங்கம்மா என்று அவள் கேட்டால், ஊரான் பிள்ளைய வளக்கப் போயிருக்காங்க என்பாள் அம்மா, அதில் குத்தலும் இருக்கும் பெருமையும் இருக்கும், ஹெப்சிபாய்க்குப் பெருமை மட்டும்தான், விளையாட்டில் நடுவராக நின்று சொந்தச் சபைக்கு எதிராகவே விசில் ஊதுவார், பையன்கள் கத்துவார்கள், ஐயரே, நீங்க எந்தப் பக்கம், பந்து விழுந்த பக்கம்லே என்பார், ஐயர் வாயில் பொய் வராது என்பது ஊர்ப் பேச்சு.

அந்த வாய் அவளைப் பற்றிச் சபை முழுக்கக் கேட்கப் பேசியது, அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, மன்னிச்சிரும்மா என்று ஒரு வார்த்தை, அதற்காகத்தான் இத்தனை வருஷம் அவரோடு இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள், அவளே சில நாள் நம்பியதில்லை.

அவளுக்கு வலிப்பு பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை வந்தது, அடுப்படியில் ஒரு தடவை, மாத்திரை சாப்பிட்டாள், அதோடு நின்றது, தேவசித்தம் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது, நின்னுபோனத எதுக்குச் சொல்லணும் என்றாள் அம்மா, அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தேவசித்தம் ஐக்கியத்தின் செயலாளர், வலைக்கு முன்னால் எம்பி அடிக்கிறவன், அப்பாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம், அவளுக்கும் இருந்தது, ஜன்னல் வழியாக. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர் சொல்லலாம் என்று சொல்லிப் போதகர் கொஞ்சம் நிறுத்துவார், யாரும் எதுவும் சொன்னதில்லை, அந்த இடைவெளியில் பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிச் சிரிக்கும். முதல் ஓலையை அப்பாவே வாசித்தார், இரண்டாம் ஓலையையும் வாசித்தார், குரல் தடுக்கவில்லை, மூன்றாம் ஓலை, தடை தெரிந்தவர் சொல்லலாம், நிறுத்துகிறார், மின்விசிறி சுற்றுகிறது, பெண்கள் பக்கத்தில் அவள் முக்காட்டைச் சரிசெய்கிறாள், பக்கத்தில் இருப்பவள் தொடையில் இடித்து, கல்யாணப்பொண்ணே என்கிறாள், யாரோ இருமுகிறார்கள், இடைவெளி நீள்கிறது, அப்பா கண்ணாடியைக் கழற்றுகிறார், எனக்குத் தெரியும் என்கிறார், மணமகளுக்கு வலிப்பு உண்டு, நான் மறைத்துவிட்டேன், பீடத்தின் முன்னால் நின்று இனி என்னால் மறைக்க முடியாது. அவ்வளவுதான், அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்கிறார், ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை, எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன, இப்போதே விழுவாள் என்பதுபோல.

முந்தின நாளே அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே, என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று அடித்தொண்டையில் கேட்டாள், இல்ல எங்கிட்டயாவது, இல்ல அந்தப் பிள்ளைகிட்டயாவது, கோயில்ல வச்சா சொல்லணும், உள்ளே அப்பா முழங்காலில் இருந்தார், கதவு திறக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை, வேறு யாரும் பெண் கேட்டு வரவில்லை, வலிப்பும் பிறகு ஒருநாளும் வரவில்லை, அது வந்திருந்தாலாவது என்று அவள் நினைத்ததுண்டு. அடுத்த ஞாயிறு ஐயர் வழக்கம்போல விசில் ஊதினார், பையன்கள் முன்னைவிட அதிகமாக வந்தார்கள், சொந்தப் பிள்ளையைக்கூடப் பார்க்காமல் உண்மையைச் சொன்னவர் அல்லவா. அம்மா போய்ச்சேர்ந்தாள், அப்பா ஓய்வுபெற்றார், நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது, கடைசிக் காலத்தில் காலையில் கண் திறந்ததும் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு ஓலை வாசிப்பார், மணமகள் எப்போதும் ஹெப்சிபாய், மாப்பிள்ளைதான் மாறுவார், ஒருநாள் பால்காரர், ஒருநாள் செத்துப்போன பிஷப், தடை தெரிந்தவர் சொல்லலாம், நிறுத்துவார், அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்பாள், ஒரு தடையும் இல்லப்பா என்று சொன்னால்தான் வாய் திறப்பார், தினமும் சொன்னாள், தினமும் ஊட்டினாள். ஒருநாள் சொல்லவில்லை, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தடை இருக்குன்னு நீங்கதானப்பா சொன்னீங்க, அந்தப் பொண்ணுகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா, என்று கேட்டாள், அவர் அவளையே பார்த்தார், உதடு அசைந்தது, அவள் காதைக் கொண்டுபோனாள், பொண்ணு எந்த ஊரு, என்றார், கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது.

பிடிக்கட்டுமா என்று குரல், நிமிர்ந்தாள், தேவசித்தம், வழுக்கை விழுந்து, பேரப்பிள்ளை எடுத்தவன், பெட்டி கொண்டுவந்தவர்களோடு உள்ளே வந்திருக்கிறான், அவன் அப்பாவின் தாடையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தான், அவள் துணியைச் சுற்றினாள், விரல்கள் இடித்துக்கொண்டன, அவன்தான் பேசினான், ஐயர் மாதிரி இனி ஒருத்தர் வரமாட்டாங்க, அந்த வாரமே எங்க வீட்டுக்கு வந்தாங்களே, உங்களுக்குத் தெரியும்ல. தெரியாது. எங்கப்பா கால்ல விழுந்துட்டாங்க, மறைச்சுட்டேன் மன்னிச்சிருங்கன்னு, எங்கப்பா பதறிப்போனாங்க, எங்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாங்க, சின்னப் பையன் எங்கிட்ட, அழுதாங்க, ஐயர் அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஹெப்சிபாய் துணியின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்திருந்தாள், என்னப்பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா என்றாள், அவன் யோசித்தான், உண்மையாகவே யோசித்தான், இல்ல, மன்னிப்புதான் கேட்டாங்க. அவள் முடிச்சுப் போட்டாள், இந்தத் தடவை நின்றது.

சாயங்காலம் அடக்க ஆராதனைக்கு முன்னால் இப்போதைய போதகர், சின்ன வயதுக்காரர், தயங்கித் தயங்கி வந்தார், அக்கா, பிள்ளைங்கற முறையில நீங்க ஒரு வார்த்தை பேசணும், ஐயரோட உண்மையப் பத்தி, சபையார் எதிர்பாக்காங்க. தேவசித்தத்தப் பேசச் சொல்லுங்க, அவங்களுக்குத்தான் தெரியும், என்றாள். அவர் சரி என்று போய்விட்டார், அவருக்கு அது அடக்கமாகப் பட்டிருக்கும்.

பெட்டியை அடைக்குமுன் துணியை எடுத்துரு, அது கூடப் போகக் கூடாது, என்றாள் சித்தி, அவள் முடிச்சை அவிழ்த்தாள், இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது, துணியை உருவினாள், கன்னங்களில் அதன் தடம், வாய் திறக்கவில்லை, கெட்டியாக மூடியிருந்தது, உதடுகள் சேர்ந்த இடம் ஒரு கோடு, அவள் குனிந்தபடியே இருந்தாள், சுற்றி நின்றவர்கள் கடைசி முத்தம் என்று நினைத்து விலகி நின்றார்கள், முத்தமில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள், போதும் வாம்மா என்று சித்தி தோளைத் தொட்டாள், வரவில்லை, மூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்த தேவசித்தம் கை மாற்றிக்கொண்டான், அடைக்கலாமா என்று கேட்டுவிட்டு நிறுத்தினான், பந்தலில் ஒரு சத்தமும் இல்லை, எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அடைங்க, என்றாள்.