பத்து மணிப் படகில் ஆறு பேர்

"பத்து மணிப் படகுல எத்தனை பேரும்மா போறாங்க?"

போன மாதம், தீவின் படகுத்துறைச் சீட்டு ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, கால அட்டவணை அதிகாரி சீட்டு விற்கும் அவளிடம் கேட்டது இவ்வளவுதான். வகுப்பில் யாராவது கேள்வி கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவள் அவள். இந்தக் கேள்விக்கு மட்டும் பளிச்சென்று விடை தெரிந்தது.

"ஆறு பேர் சார்."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். படகில் இருப்பது ஆறு நீள பெஞ்சு. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளும் ஆறு பேர். அதில் ஒருத்தி அவளுடைய அக்கா. ஆறு பேருக்கும் வாரம் மூன்று நாள், பதினொரு மணிக்கு, இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதிக நேரம் நிற்க முடியாது, படுத்தபடிதான் போக வேண்டும். அதனால் தீவில் நல்லபடியாக இருக்கும் எவரும் பத்து மணிப் படகில் ஏறுவதில்லை. தெரியாமல் ஏறினால் படகோட்டி, "உனக்கு என்ன நோவு?" என்று கேட்பார். வந்தவர் இறங்கிவிடுவார்.

இன்று அதிகாரி பசைவாளியோடு வந்து புது அட்டவணையைச் சுவரில் ஒட்டினார். ஏழு, பன்னிரண்டு, மூன்று, ஐந்து, ஏழரை. சாயங்காலத்துக்கு இரண்டு படகு கூடுதல். பாதையைச் சுருக்கியதில் பத்து நிமிடம் மிச்சம். ஊரே வாயெல்லாம் பல்லாக நின்றது. அவள் மட்டும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று தேடினாள்.

"சார், பத்து மணி..."

"அதுல ஆளே இல்லையேம்மா. நீதானே சொன்ன?"

"ஆமா சார். ஆறு பேர்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன? அவளுக்கே தெரியவில்லை. சொன்னது தப்பா? தப்பில்லை. அறுபது என்று சொல்லியிருக்க வேண்டுமா? அது பொய்.

"ஆறு பேர்தான் சார்," என்றாள் மறுபடியும்.

"கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி அதையே சொல்றியே!"

வீட்டில் அக்கா சிரித்தாள். "வாயத் திறக்காத பொண்ணு ஒரு தடவை திறந்த. என் படகையே கவுத்துட்டியேடி!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இனி ஏழு மணிப் படகுலதானே போகணும். அதுல நூறு பேர் இருப்பாங்களே. நான் எங்கடி படுக்குறது?" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிப் படகு நேரத்தில், புது ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க அதிகாரி குறிப்பேட்டோடு வந்து நின்றார். மீன் பதனிடும் ஆலைப் பெண்களும் குமாஸ்தாக்களுமாக வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. அக்காவும் மற்ற ஐவரும் மெல்ல நடந்து வந்தார்கள். வரிசை வழிவிட்டது. ஆறு பேரும் பழக்கப்படி ஆளுக்கொரு பெஞ்சில் படுத்தார்கள்.

அடுத்து ஏற வந்த ஆலைக்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். தூக்கிய காலை அப்படியே பின்வாங்கினாள்.

"ஏறும்மா," என்றார் அதிகாரி.

"எனக்கு என்ன சார் நோவு? நல்லாத்தானே இருக்கேன்."

"எனக்கு லேட்டாகுது," என்று முண்டிய குமாஸ்தாவின் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். "ஒரு நாள் லேட்டானா உன் ஆபீஸ் கடல்ல மூழ்கிடாதுய்யா. நில்லு!"

படகோட்டி சற்று நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். படகு கிளம்பியது. கரையில் நூறு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஏன் நின்றோம் என்று தங்களுக்கே விளங்காமல் நின்றார்கள்.

அதிகாரி சீட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"எத்தனை பேர்?"

இந்த முறை எதைச் சொன்னால் சரி?

"ஆறு பேர் சார்."

அவர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடலைப் பார்த்தார். சுவருக்குப் போய், அட்டவணையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பேனாவால் பத்து என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் அங்கேயே விட்டிருந்த பசைவாளியை எடுத்துக்கொண்டு நடந்து போனார்.