விளக்கு மினுக்கிய குற்றம்

என் புருஷன் லூட்கரைப் போல ஒரு வடிகட்டின முட்டாளை மூன்ஸ்டர் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கி வயலோரப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தவர், ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன்னால் போலீஸ்காரரின் கையைப் பிடித்து இழுத்து என்ன சொன்னார் தெரியுமா? வலிக்கிறது என்று சொல்லவில்லை. என் மனைவிக்குச் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. "சார், என் சைக்கிள் பின்விளக்கு மினுக்கிட்டிருந்துச்சு. அது சட்டப்படி கூடாது. எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த விளக்கோ சுக்குநூறாகிக் கிடந்தது. அது மினுக்கியதா, நின்று எரிந்ததா என்று ஆண்டவனே இறங்கி வந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. இவராகவே வாயைத் திறந்தார், போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் வீட்டு விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை.

எங்கள் நாட்டில் சைக்கிள் விளக்கு மினுக்கக் கூடாது. ஒரே சீராக எரிய வேண்டும். லூட்கரின் தங்கை அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கிறாள். அவள்தான் அந்த விளக்கை அனுப்பினாள். உள்ளே ரேடார் இருக்கிறது. பின்னால் வண்டி வந்தால் கைப்பிடியில் உள்ள சின்னப் பெட்டி கீச்சிடும், விளக்கும் படபடவென்று மினுக்கும். இங்கே கடையில் விற்பது கீச்சிடும், ஆனால் மினுக்காது. லூட்கர் முதலில் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. காலியான தெருவில்கூடச் சிவப்பு சிக்னலுக்கு நிற்கிற மனுஷன். பிறகு ஒரு நாள் பால் லாரியின் பக்கக் கண்ணாடி அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. மறுநாள் விளக்கை எடுத்து மாட்டினார். வாழ்க்கையிலேயே தெரிந்து மீறிய விதி அது ஒன்றுதான்.

நவம்பர் மாத ஞாயிறு, பிற்பகல். சைக்கிள் சங்கத்தோடு போய்விட்டு, ஊர் எல்லையில் பிரிந்து தனியாக வந்துகொண்டிருந்தார். லேசான மூடுபனி. பெட்டி கீச்சிட்டது. இங்கே வண்டிகள் வலப்பக்கம்தான் போகும். இவர் வலது ஓரமாக, சக்கரம் புல்லில் படுகிற அளவுக்கு ஒதுங்கினார். அவ்வளவு ஒதுங்கியும் கார் வந்து இடித்தது. ஓட்டியவர் எல்பர்ஸ் என்பவர், நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடு ஒழுங்காகப் போடுவதே ஆயுள் முழுக்க வேலை. அந்த ஆளுக்கு ரோட்டில் நேர்கோடாகப் போகத் தெரியவில்லை.

லூட்கர் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர். கூரை ஏறாமல் அந்தத் தொழில் இல்லை. இனிமேல் நாற்காலி மேல்கூட ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரின் இன்சூரன்ஸ்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? விபத்தில் மூன்றில் ஒரு பங்கு லூட்கரின் குற்றமாம். விளக்கு மினுக்கியதால் ஓட்டியவருக்குத் தூரம் பிடிபடவில்லையாம். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மீதி இரண்டு பங்கு இழப்பீட்டை உடனே கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாமாம்.

இவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேனாவை எடுத்துவிட்டார். நான் பிடுங்கினேன்.

"என்ன பண்ற நீ?"

"கையெழுத்துப் போடறேன், மெக்டில்ட். மினுக்கினது உண்மைதானே."

"மினுக்கினா? மினுக்கினா இடிச்சிடலாமா? நாளைக்கு உன் சட்ட கலர் பிடிக்கலன்னு ஒருத்தன் வந்து இடிப்பான். அதுக்கும் மூணுல ஒரு பங்கு எழுதிக் குடுப்பியா?"

"சட்டைக்குச் சட்டம் இல்ல. விளக்குக்கு இருக்கு."

"உன் கால ஒடச்சதே நீதான்னு எழுதிக் கேக்கறாங்க. புரியுதா உனக்கு?"

"ஒரு பங்குதானே கேக்கறாங்க" என்றார். நான் பேனாவைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "அது காகிதத் தொட்டி. பிளாஸ்டிக்க அதுல போடக்கூடாது" என்றார். அன்றைக்கு நான் அவரைக் கொன்றிருந்தால் எந்த நீதிபதியும் என்னைத் தண்டித்திருக்க மாட்டார்.

போதாக்குறைக்கு ஹூபெர்ட் வந்தார். சைக்கிள் சங்கத் தலைவர், லூட்கரின் பள்ளித் தோழர். கையில் ஆப்பிள் கேக், முகத்தில் துக்கம். ஒரு துண்டு கேக் உள்ளே போவதற்குள் துக்கம் காணாமல் போய், உள்ளே இருந்த வாத்தியார் வெளியே வந்துவிட்டார்.

"நான் எத்தன தடவ சொன்னேன், லூட்கர். கிளம்பறதுக்கு முன்னாடி எல்லார் விளக்கையும் பாக்கறேன்ல? உன் விளக்கப் பாத்து என்ன சொன்னேன்?"

"மாத்துன்னு சொன்ன."

"சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"ஹூபெர்ட், நீ கேக் சாப்பிட வந்தியா, வெந்த புண்ணுல வேல் பாய்ச்ச வந்தியா?" என்றேன்.

"உண்மையத்தானே சொல்றேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"கார்க்காரனுக்கும் சட்டம் இருக்கே. ஊருக்கு வெளிய சைக்கிளத் தாண்டணும்னா ரெண்டு மீட்டர் இடம் விடணும். அதப் பத்தி உன் வாயிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு வார்த்த வரல பாரு."

அவர் தட்டைப் பார்த்தார். "அது அவன் தப்பு. இது இவன் தப்பு" என்றார். மீதி கேக்கைச் சுற்றி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

லூட்கரைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை. அவருக்கு அதில் விருப்பமே இல்லை. "தோத்துடுவோம். நான் ஒத்துக்கிட்டது போலீஸ்ல பதிவாகியிருக்கு" என்று காரில் வழி முழுக்கப் புலம்பினார். ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் பார்வையாளர் பெஞ்சில். நான் அழைக்காமலேயே ஹூபெர்ட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எல்பர்ஸ் நல்ல கோட்டு போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். நீதிபதி ஒரு பெண்மணி, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"விளக்கு உங்கள எப்படித் தொந்தரவு பண்ணுச்சு?"

"கண்ணக் கூசுச்சும்மா. படபடன்னு. எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணிக்க முடியல."

"முதல்ல எங்கேர்ந்து பாத்தீங்க?"

"ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டடத்துக்கிட்ட திரும்பினதுமே பாத்துட்டேன்."

 அந்தத் திருப்பத்திலிருந்து விபத்து நடந்த இடம் வரை நேர்ச் சாலை. நடந்து போனால் ஒரு பாட்டுப் பாடி முடித்துவிடலாம். நான் எழுந்துவிட்டேன்.

"பாத்திருக்கீங்க! அவ்வளவு தூரத்துலயே பாத்திருக்கீங்க!"

"உட்காருங்க" என்றார் நீதிபதி. ஹூபெர்ட் என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

நீதிபதி எல்பர்ஸ் பக்கம் திரும்பினார். "எதிர்ல வண்டி வந்துச்சா?"

"இல்ல."

"இடது பக்கம் ரோடு காலியா இருந்துச்சு. அப்புறம் ஏன் ஒதுங்கிப் போகல?"

 எல்பர்ஸின் வக்கீல் முந்திக்கொண்டு மூடுபனியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அப்போதுதான் லூட்கர், யாரிடமும் கேட்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். அதட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்.

"எல்பர்ஸ் சார், நான் பண்ண தப்ப அன்னிக்கே சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிடுங்களேன்."

வக்கீல் எல்பர்ஸின் கையைத் தொட்டார். எல்பர்ஸ் கையை விலக்கிக்கொண்டார்.

"பக்கத்துல போனேன்" என்றார்.

"எதுக்கு?" என்று நீதிபதி கேட்டார்.

"சொல்றதுக்குத்தான். மினுக்கு விளக்கு போடக்கூடாதுன்னு. அவர் இருந்த பக்கத்து ஜன்னல இறக்கிட்டு, அவருக்குக் கேக்கணுமேன்னு கொஞ்சம் சாஞ்சேன். நான் சாஞ்சதுல ஸ்டீரிங்கும் சாஞ்சிடுச்சு." நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். "யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

நீதிபதி குனிந்து எழுதினார். எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்து, முடிந்தது என்று கண்ணால் காட்டினார். அந்த மூன்றில் ஒரு பங்கு அங்கேயே செத்தது. லூட்கர் மேல் பொட்டுக் குற்றம் இல்லை என்று பிறகு தீர்ப்பும் வந்தது. நான் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பக்கத்தில் ஹூபெர்ட் மெல்லத் தலையாட்டினார். தான் தலையாட்டுவது அவருக்கே தெரியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஹூபெர்ட் அப்படித்தான். முன்வரிசையில், இரும்பு வைத்துக் கட்டிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் புருஷனும் தலையாட்டினார். யாராவது ஒருத்தர் சொல்லணும் என்று அந்த ஆள் சொன்னது அவருக்கு முழுசாகப் புரிந்தது. நாசமாய்ப் போக, எனக்கும் புரிந்தது.