வீடு திரும்புதல்

மருத்துவமனையின் இணையதளத்தை மாற்றியமைக்கும் வேலை அவனுக்கு வந்திருந்தது. இறந்தவரின் உடலைப் பெறும் முறையைச் சொல்லும் பக்கத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். "கண்ணுல படாம 'மற்றவை'க்குள்ள போட்டுடுங்க" என்றுவிட்டார் நிர்வாகி. போன வருடம் அண்ணன் அங்கேதான் இறந்தார். அன்று அண்ணியும் அவனும் விவரம் தெரியாமல் ஒவ்வொரு கவுண்டராக அலைந்தார்கள். அதனால் தயங்கித் தயங்கி மடிக்கணினியை அண்ணியிடமே கொடுத்தான்.

"நீங்களே தேடிப் பாருங்க அண்ணி. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா? அதையும் பாத்துடலாம்."

அவள் 'மற்றவை' பக்கமே போகவில்லை. 'உள்நோயாளிகள்' என்பதைத் திறந்து, அதற்குள் 'வீடு திரும்புதல்' என்பதை அழுத்தினாள்.

"அண்ணி, அது குணமாகிப் போறவங்களுக்கு."

"பேசிட்ட பாரு. ஏன் தம்பி, உங்கண்ணனை நாம எங்க கூட்டிட்டுப் போனோம்? வீட்டுக்குத்தானே?"

அவன் அந்தப் பக்கத்தின் இணைப்பை 'மற்றவை'யிலிருந்து எடுத்து, அவள் தேடிய இடத்திலேயே வைத்தான்.

"நிர்வாகி கேட்டா என்ன சொல்லுவ?"

"உங்களைக் கைகாட்டிடுவேன்."

"காட்டு. நானே வந்து சொல்றேன்."