ஜெபமாலை முடியும் வரை

ரெஜின் பொம்மை என்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்தில் அப்பா மரியஅந்தோணி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, பிள்ளை இங்கே விளையாட்டுச் சாமானோடு உட்கார்ந்திருக்கிறானே என்று துக்கத்துக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் அம்மா அமலி அந்த அறைப்பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

ஆயுசெல்லாம் ரயில் ஓட்டிய மனுஷரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளி, பேச்சையும் பிடுங்கிக்கொண்டது. அவர் அலமாரியில் வைத்திருந்த மாதிரி என்ஜினுக்கு ரெஜின்தான் புது மோட்டாரும் பேட்டரியும் முகப்பு விளக்கும் வைத்து, டீசல் என்ஜின் ஹாரனை சிப்பில் ஏற்றி, ரிமோட்டை அவருடைய இடக்கையில் கொடுத்தான். கட்டிலோரப் பலகையில் தண்டவாளம். ஒரு நீள ஹாரன் என்றால் தண்ணீர். இரண்டு குட்டை ஹாரன் என்றால் மூத்திரப் பாத்திரம்.

அவர் சும்மா இருப்பாரா? ஈ உட்கார்ந்தால் ஹாரன், ஃபேன் நின்றால் ஹாரன். "தோ வர்றேங்க" என்று சொல்லிச் சொல்லியே அமலி தேய்ந்துபோனாள். உள்ளதைச் சொன்னால், அந்தச் சத்தத்தை அவள் அடியோடு வெறுத்தாள்.

நேற்று சாயந்திரம், தெருவின் சபைக் குடும்பங்கள் முறைவைத்துக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அவள் வீட்டில். அவர் சுகமாக வேண்டித்தான் தெருவே ஜெபமாலையோடு வந்திருந்தது. நடுவில் இது அலறினால் மானம் போய்விடும். சார்ஜ் போட மூடியைத் திறந்து பழகிய கைதானே, ஸ்பீக்கர் வயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"ஜெபமால முடியிற வரைக்குந்தாங்க."

அவர் என்னவோ சொல்ல வாயைக் கோணினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சுண்டலும் டீயும் கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது, என்ஜின் தண்டவாளத்தைத் தாண்டித் தரையில் மல்லாந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாரன் கேட்காமல், இருந்த பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்த்திருக்கிறார் பாவி மனுஷர். அவள் முதலில் என்ஜினை நிறுத்தினாள். அப்புறம்தான் அலறினாள்.

காலையில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய ரெஜின் கேட்ட முதல் கேள்வி, "அப்பா ஹாரன் அடிக்கலயாம்மா?"

"அடிக்கலயேப்பா" என்றாள் அமலி.

"ஜெபம் நடக்குறப்பவே ஆண்டவர் கூப்புட்டுக்கிட்டாரு. யாருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி சாவு!" என்று, நேற்று ஜெபமாலை சொல்ல வந்திருந்த அனிட்டா டீச்சர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

போகாமல் முடியவில்லை. ரெஜினின் விரல் நுனியில் அந்தக் குட்டி பிளக் இருந்தது.

"கழண்டு கெடக்கும்மா. போன தடவ ஊருக்குக் கெளம்புற அவசரத்துல நான் ஒழுங்கா சொருகல. அமுக்கி அமுக்கிப் பாத்துருப்பாரு. நாந்தாம்மா கொன்னுட்டேன்."

நாக்கு நுனிவரை வந்தது அவளுக்கு. பெற்ற பிள்ளை, அவள் செய்த தப்பைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். கூடத்திலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"விடுப்பா. எல்லாம் ஆண்டவரோட சித்தம்" என்று சொல்லிவிட்டு அமலி அடுப்படிக்குப் போய்விட்டாள். தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார். அப்போது அறையிலிருந்து வீடே அதிர ஒரு நீள ஹாரன்.

"தோ வர்றேங்க."

சொன்ன பிறகுதான் கூடம் கப்சிப்பென்று ஆனது அவளுக்குத் தெரிந்தது. கை அதற்குள் டம்ளரில் தண்ணீர் மொண்டிருந்தது. கொட்ட மனசில்லாமல் அதை எடுத்துக்கொண்டு கூட்டத்தைக் கடந்து அறைக்குள் போனாள். வெறும் கட்டிலில், பிளக்கைத் திரும்பச் சொருகிய என்ஜினை மடியில் வைத்துக்கொண்டு ரெஜின் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"குடிப்பா" என்று டம்ளரை நீட்டினாள்.

அவன் வாங்கிக் குடித்தான்.