ஊசியக்காவின் ரயில்பாதை

ஊசியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் மெதுவாகப் பேசத் தொடங்கினால் ஆளுக்கொரு சாம்பிள் தட்டைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவார்கள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியும் அவள் புருஷனுக்கு மட்டும் அது விளங்கவில்லை. பெண்டாட்டி மெதுவாகப் பேசினால் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளும் மகானுபாவர் அவர். உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பதால் தெருவிலும் வீட்டிலும் அவருக்கு வாத்தியார் என்றே பெயர். ஊசி குத்தி ரத்தம் எடுப்பதால் அவளுக்கு ஊசியக்கா.

அன்று மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார். மேடையேறிப் பரிசு வாங்கப்போகிற பிள்ளையின் பூரிப்பு முகத்தில்.

"கைய கழுவிட்டு நேரா உள்ள வா. ஒண்ணு காட்டணும்."

உள்ளறையில், இஸ்திரி போடாத துணிக்கூடைக்கும் ஓட்டாத சைக்கிளுக்கும் நடுவே, ஒரு மேஜையும் நாற்காலியும் கம்ப்யூட்டரும் இருந்தன. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த மூலை மட்டும்தான். கம்ப்யூட்டர் அவள் ஓவர்டைம் பார்த்து வாங்கியது. வேலை, சமையல், பாத்திரம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அதில் ரயில் விளையாட்டு ஆடுவாள். வெறும் புல்தரையில் தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, ரயில் விட்டால் சுற்றிலும் ஊர் முளைக்கும். நாலு வருஷமாக ஒரே நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நிலையங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அவள் மனம் போனபடி வைத்திருந்தாள். மேலதிகாரி கரித்துக்கொட்டிய நாளில் கட்டியது 'போடா போ'. உட்காரக்கூட நேரமில்லாத நாளில் கட்டியது 'டீ ஆறுது'. முன்பு பார்த்த வேலை போய், அடுத்தது கிடைக்காமல், யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் இருந்த மாதங்களில் ஏரிக்குக் குறுக்கே நீளமாய் ஒரு பாலம் கட்டினாள். வளைவு சரியாக வராமல் இடித்து இடித்துக் கட்டினாள். முதல் ரயில் அக்கரை போய்ச் சேர்ந்த அன்றுதான் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள். அக்கரை நிலையத்துக்கு 'வந்துட்டேன்' என்று பெயர் வைத்தாள். இதெல்லாம் வாத்தியாருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

திரையைப் பார்த்தாள். எல்லாமே வேறாக இருந்தது. நிறம் வேறு, படம் வேறு, கீழே வரிசையாக இருந்த பொத்தான்கள் இடப்பக்கம் ஏறி நின்றன.

"என்னங்க இது?"

"லினக்ஸ்! விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர ஓட்டற வேற சிஸ்டம். நம்ம பழைய விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராது. புதுசு இந்த மெஷின்ல ஏறாது. அதான் டிஸ்க்க மொத்தமா அழிச்சிட்டு இத போட்டுட்டேன். இலவசம். வைரஸ் கிடையாது. வேகத்த பாரேன்!"

"என் விளையாட்டு எங்க?"

"பயப்படாத. நீ கட்டினதெல்லாம் பதிவாகியிருக்கிற சேவ் ஃபைல பென் டிரைவ்ல எடுத்து வச்சிருக்கேன். விண்டோஸ் விளையாட்டு லினக்ஸ்ல நேரா ஓடாது. நடுவுல வைன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு. அது ஒரு ஃபோல்டருக்குள்ள சின்னதா ஒரு போலி விண்டோஸ கட்டி வச்சிக்கும். விளையாட்டு அத நிஜம்னு நம்பி உள்ள ஓடும். ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாத்தேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய சட்டைப் பையில் ஒரு பேனாவை இடம் மாற்றி வைத்தால் நாள் முழுக்கப் புலம்புகிற மனுஷன் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குள் திரை அணைந்து பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு என்ன?"

"அது எதுக்கு உனக்கு? என்ன வேணும்னு சொல்லு, நான் போட்டுத் தரேன். நீ தெரியாம எதையாவது அழிச்சிடுவ."

சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

ரெண்டு நாள் என்றது வாரக்கணக்கில் இழுத்தது. முதலில் விளையாட்டு திறக்கவே இல்லை. பிறகு திறந்தது, ஆனால் திரை கன்னங்கரேலென்று இருந்தது. படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் டிரைவர் மென்பொருளை மாற்றினார். படம் வந்தது, சுட்டியைத் தொட்டால் உறைந்தது. வைனின் வேறு பதிப்பைப் போட்டார். உறையவில்லை, ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டுவது போல ஒலிபெருக்கி இரைந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று புட்டுக்கொண்டது.

இந்தக் காரியத்தில் அவருக்குத் துணை அவருடைய தம்பி. மொபைல் கடை வைத்திருக்கிற அந்தக் கொழுந்தன் எல்லாவற்றுக்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பான். வாத்தியாருக்கு ரெண்டு கையும் கீபோர்டில் இருப்பதால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். தினமும் மாலையில் அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டிருக்க, ஊசியக்கா தன்னுடைய மூலையில் விருந்தாளி மாதிரி நின்றாள். நாற்காலியில் அவர், அவள் நாற்காலியின் பின்னால். அவளுடைய விளையாட்டை அவள் ஆட முடியவில்லை. அதை ஓட வைக்கிற விளையாட்டை அவர் ஆடிக்கொண்டிருந்தார், அதுவும் எப்பேர்ப்பட்ட உற்சாகத்தோடு! பள்ளிக்கூடத்து விடைத்தாள்கள் திருத்தாமல் கிடந்தன. அடுப்படிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் வாத்தியாருக்கு நேரமில்லை.

ஒருநாள் ஓடிவிட்டது. உள்ளபடியே ஓடிவிட்டது. பென் டிரைவிலிருந்த சேவ் ஃபைலை அந்தப் போலி விண்டோஸுக்குள் போட்டதும் அவளுடைய நாடு திரையில் விரிந்தது. ஏரி, பாலம், பாலத்தின் மேல் ஊர்ந்துபோகும் நீல ரயில். ஊசியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குறைதான். தமிழ் எழுத்துரு இல்லாததால் நிலையங்களின் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

"பேரெல்லாம் வரலியே," என்று வாத்தியார் மூக்கைச் சொறிந்தார்.

"பரவாயில்ல. இதோட விடுங்க."

"எழுத்து வராம எப்படி..."

"எனக்குப் பேர் தெரியுங்க. நான் வச்ச பேர்தானே? சத்தம் இரையுது, இரையட்டும். இனிமே இதுல கை வைக்காதீங்க. போதும்."

"சரி சரி," என்றார் அவர்.

ரெண்டு மாலை அவள் ஆடினாள். கட்டங்களுக்குப் பின்னால் எது 'டீ ஆறுது', எது 'வந்துட்டேன்' என்று விரல் தானாகவே போயிற்று. வாத்தியார் பின்னால் வந்து வந்து எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை அரித்தது. வழிமுறையில் தவறு உள்ள கணக்குக்கு முழு மதிப்பெண் போடச் சொன்னது போல இருந்திருக்க வேண்டும் அவருக்கு.

மூன்றாம் நாள் மாலை வாசலில் மறுபடியும் அதே பூரிப்போடு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததுமே அவள் கைகூடக் கழுவாமல் உள்ளறைக்கு நடந்தாள்.

"வந்து பாரு! தமிழ் எழுத்து பளிச்சுனு வருது. சத்தமும் சுத்தமாயிடுச்சு."

திரையில் பச்சைப் புல்தரை. நடுவில் ஒரேயொரு நிலையம். அதன் மேல் அழகான தமிழ் எழுத்தில் 'சோதனை' என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. தண்டவாளம் இல்லை, ஊர் இல்லை, ஏரி இல்லை.

"என் நாடு எங்க?"

"அது வந்து... சிஸ்டம் மாறும்போது சில சமயம் இப்படி ஆகுமாம்மா. பழைய ஃபைலு புது இடத்துல ஒத்துக்காது."

"நேத்து ஒத்துக்கிச்சே?"

"அதான் விசித்திரம். தானா போயிடுச்சு. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

பூசி மெழுகுவதில் வாத்தியாருக்கு அனுபவம் போதாது. பேசும்போது கண் சைக்கிளின் மேல் இருந்தது. அதற்குள் மேஜையில் போன் அடித்தது. பழக்க தோஷம், கை தானாகப் போய் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

"அண்ணா! எழுத்து வந்துச்சா?" என்றான் கொழுந்தன்.

"வந்துச்சு, வந்துச்சு. அப்புறம் பேசறேன்..."

"நான் சொல்லல? அந்த ஃபோல்டர மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா கட்டினாதான் சரியாவும். அண்ணியோட சேவ் ஃபைல முதல்ல வெளிய காப்பி பண்ணிட்டுத்தானே அழிச்சீங்க? அது உள்ளதான் இருக்கும், மறந்துடாதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே!"

வாத்தியார் போனின் மேல் பாய்ந்து அணைத்தார். அணைத்து என்ன பிரயோஜனம்? குட்டு உடைந்துவிட்டது.

ஊசியக்கா துணிக்கூடையை நகர்த்திவிட்டு அவருக்கு எதிரே நின்றாள்.

"தம்பி சொன்னது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"தேடினேன். எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு உடனே கிடைக்கல. நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு..."

"பழைய டிஸ்க்கு?"

"அததான் அன்னிக்கே அழிச்சிட்டேனே."

"பென் டிரைவு?"

"கேள்வித்தாள் எடுத்துட்டுப் போக வேண்டியிருந்துச்சு. இடம் பத்தல."

"போதும், கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஏம்மா, எதுக்கு இவ்வளவு? விளையாட்டுதானே? இப்ப நல்லா ஓடுது. புதுசா கட்டிக்கலாம்."

இவள் மெதுவாகப் பேசுவதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது. பாவம்.

விளையாட்டுதானே. அந்த வார்த்தை அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது, கீபோர்டை, போனை, முடிந்தால் அந்தச் சைக்கிளை. கைகளைக் கட்டிக்கொண்டாள். தினமும் எத்தனையோ பேர் நரம்பில் நடுங்காமல் ஊசி இறக்கும் கைகள். அந்தப் பாலம் கட்டிய மாதங்களில் இவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவள் சாப்பிட்டாளா என்று கவனிக்கவில்லை. பாலத்தையும் கவனிக்கவில்லை. இன்றைக்கு ரெண்டும் போகட்டும், எழுத்து வந்துவிட்டது என்று பூரிக்கிறார்.

"அந்த ஏரியே இல்லைங்க," என்றாள். குரல் இன்னும் இறங்கியிருந்தது. "ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் நிலம் வேற வரும். அந்த ஏரி திரும்ப வராது. நீங்க அழிச்சது ஃபைலு இல்ல. வேல போயி நான் செத்துப் பொழச்சேனே, அந்த நாள் எல்லாம் அதுல இருந்துச்சு. அது உங்களுக்குத் தெரியாது. சரி, தெரியாம அழிச்சிருந்தா தெரியாதுன்னு விட்டிருப்பேன். தெரிஞ்சே அழிச்சீங்க. அழிச்சிட்டு எம் மூஞ்சியப் பாத்து தானா போயிடுச்சுன்னீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது வாத்தியாருக்கு. மன்னிப்பு மாதிரி ஏதோ வாய்க்குள் முனகினார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"உக்காருங்க. பாஸ்வேர்டு மாத்துற இடம் எங்க இருக்கு?"

அவர் உட்கார்ந்து காட்டினார். பழைய பாஸ்வேர்டைத் தட்டினார். புதிதாக என்ன வேண்டும் என்று கட்டம் கேட்டது.

"எழுந்திரிங்க. சுவத்து பக்கம் திரும்புங்க."

"ஏம்மா..."

"திரும்புங்க."

வீட்டுப்பாடம் எழுதாத பையன்களைத் தினமும் சுவரைப் பார்த்து நிற்கவைக்கும் வாத்தியார், சைக்கிளின் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். ஊசியக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகத் தட்டினாள். திரும்பவும் ஒருமுறை தட்டச் சொன்னது. தட்டினாள். பிறகு அவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கட்டிய 'சோதனை' நிலையத்தை முதலில் இடித்தாள். அதன் பிறகு வெறும் புல்தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நிலையம் கட்டினாள். அதற்கு 'கேட்டுட்டு வா' என்று பெயர் வைத்தாள். வாத்தியார் பாடுபட்டு வரவழைத்த தமிழ் எழுத்து பளிச்சென்று விழுந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. அடுப்படிக் குழாயை வாத்தியார் தானாகவே சரிசெய்தார். சேவ் ஃபைலை எப்படி எடுத்து வைப்பது என்று அவள் கொழுந்தனையே கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். அவன் மன்னிப்புக் கேட்டபோது, "உன் மேல தப்பில்ல தம்பி," என்று மட்டும் சொன்னாள்.

தேர்வு நெருங்கிவிட்டது. கேள்வித்தாளைப் பிரிண்ட் எடுக்கப் புது பிரிண்டரை இணைக்க வேண்டும். ஊசியக்கா அடுப்படியில் இருந்த நேரமாகப் பார்த்து வாத்தியார் உள்ளறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. கெஞ்சலும் கூச்சமும் பாதிப் பாதி.

"ஏம்மா, பாஸ்வேர்டு கேக்குது. என்னன்னு சொல்லேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"அது எதுக்கு உங்களுக்கு?" என்றாள் மெதுவாக. "என்ன வேணும்னு சொல்லுங்க, நான் போட்டுத் தரேன். நீங்க தெரிஞ்சே எதையாவது அழிச்சிடுவீங்க."

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து வழிவிட்டார்.