காற்றுக்கு முதுகு காட்டிய விமானம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கலேவெலயிலிருந்து தம்புள்ளைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போன அனுபவம் உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

கொழும்பில் ஒரு பத்திரிகை ஆசிரியர் சுதந்திர தின மலருக்குக் கதை கேட்டிருந்தார். நாடு முன்னேறுவது கதையில் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அணைக்கட்டை ஒருவர் எடுத்துக்கொண்டார். உழவு மெஷினை இன்னொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சிக் கிடந்தது ஆகாய விமானம். தெரியுமா என்று கேட்டார். கரைத்துக் குடித்திருக்கிறேன் என்றேன்.

உண்மையில் கரைத்துக் குடித்தவர் மாத்தளையில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் ஸஹாப்தீன்தான். அறுபதுகளின் கடைசியில், சீகிரியாவுக்குப் பக்கத்து ஓடுபாதையிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி விமானம் விட்டது. (கம்பெனியின் பெயர் வேண்டாம். கம்பெனியை மூடியாயிற்று, ஆனால் முதலாளியின் வக்கீல் இன்னும் உயிரோடு இருக்கிறார்.) அதன் எஞ்சின்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸஹாப்தீன். விமானம் டர்போபுரொப் ரகம். வெளியே பார்த்தால் விசிறி, உள்ளே பார்த்தால் நெருப்பு. அந்த நெருப்பை மூட்டத் தெரியாமல் மூட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்து ஆளைப் பற்றி அவர் பிளேன்டீ குடித்தபடி சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேர் சிரித்துவிட்டால் அது நல்ல கதைதான் என்று வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

சீகிரியாக் குன்றின் உச்சியில் இளஞ்சூரியன் தன் பொற்கிரணங்களை

(விட்டுவிட்டேன். சூரியனை வைத்துக் கதை தொடங்குகிறவர்களை நானே வாசிப்பதில்லை.)

கப்டன் நாகமுத்து தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வானத்தை ஒருமுறை

(இதை விட்டது நானல்ல. அடுத்த பகுதியைப் பாருங்கள்.)

2

ஆசிரியர் என் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இந்த நாகமுத்து எந்த ஊர்?"

"எல்கடுவைப் பக்கம். தோட்டம்."

"தோட்டத்து ஆள் கப்டனா? கதைன்னாலும் ஒரு யதார்த்தம் வேணாமா, தம்பி?"

யதார்த்தம் என்றாலே எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து நாகமுத்துவைத் துணை விமானியாக்கினேன். அதுவும் அதிகம் என்றார் ஆசிரியர். எஞ்சினியர் ஆக்கினேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாராம் என்று கேட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் எந்த வகுப்போடு முடிகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் பேட்டரி வண்டி தள்ளுகிற, எஞ்சின் ஸ்டாட் பண்ணப் பழகுகிற எடுபிடியாக இறக்கிவைத்தேன். வந்தார், போனார் என்று இருந்ததையெல்லாம் வந்தான், போனான் என்று மாற்றினேன். அப்போதுதான் ஆசிரியரின் முகம் தெளிந்தது. "இப்ப நம்பக்கூடியதா இருக்கு" என்றார்.

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன்: யதார்த்தமும் ஒரு அரசாங்கக் கந்தோர்தான், அங்கேயும் தோட்டத்து ஆளுக்குக் கதிரை போடுவதில்லை. மலருக்கு இது ஒத்துவராது. அடித்ததையும் நீங்கள் வாசித்துவிட்டால் நான் என்ன செய்ய?)

3

ஆக, நாகமுத்து. நாற்பதைக் கடந்தவன். தேயிலை ஸ்டோரின் எஞ்சின் ரூமில் ஒரு கிழட்டு டீசல் எஞ்சினை எழுப்பி எழுப்பியே பாதி வயதைத் தொலைத்தவன். டீசல் எஞ்சினுக்கு உதையும் வசவும் விளங்கும். அந்தப் பாஷையில் அவன் கெட்டிக்காரன்.

கம்பெனி ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவி வேலம்மாவோடு ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்குக் குடிவந்தான். திரும்பிப் போக இடம் கிடையாது. எஞ்சினை ஒழுங்காக ஸ்டாட் பண்ணப் பழகினால் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. தோட்டத்து ஆட்களில் பெரும் பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டிருக்க, இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு அவன் காத்திருந்த காலம் அது. நிரந்தர வேலை உள்ளவனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நாகமுத்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பழக்கியவர் ஸஹாப்தீன். வயதில் அவனுக்குத் தம்பி மாதிரி. ஆகவே வேலை நேரத்தில் "சேர்", வேலை முடிந்தால் "தம்பி."

"மொதல்ல என்னத்த பாக்கோணும், செல்லுங்க பாப்பம்?"

"பேட்டரிங்க சேர்."

"அதுக்கும் மொத?"

ஸஹாப்தீன் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அது படபடவென்று அடித்துக்கொண்டது.

"காத்து. விமானத்துட மூஞ்சி காத்தப் பாத்து நிக்கோணும். பின்னால காத்து அடிச்சா, வெளிய போற சூட்டத் திருப்பி உள்ளுக்கே தள்ளும். விசிறியவும் சுத்த உடாது. பொறகு உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் உருகிப் பெய்த்திடும்."

அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பேட்டரி வண்டியைச் சொருக வேண்டும். பொத்தானை அமுக்க வேண்டும். விசிறி சோம்பலாகச் சுற்றத் தொடங்கும். அது வேகம் பிடிக்கும்வரை எண்ணெய் விடக்கூடாது. பிடித்ததும் எண்ணெய்க் கைப்பிடியைத் திறந்தால் உள்ளே பொம்மென்று பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு சூடு காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. முள் ஏறி, தயங்கி, இறங்கினால் எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது. தயங்காமல் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏறினால் கைப்பிடியை உடனே மூட வேண்டும்.

"யாருட்டயும் கேட்டுட்டு நிக்க வாணாம். மினிஸ்டரே வந்து கையப் புடிச்சாலும் மூடிப்போடோணும். வெளங்கிச்சா?"

"வெளங்குச்சிங்க சேர்."

(வாசகர் இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். பின்னால் உங்களுக்கு வேலை இருக்கிறது.)

வீட்டில் பம்ப் அடுப்பை வைத்துப் பழகிப் பார்த்தான். சூடேறுமுன் பம்ப் அடித்தால் மஞ்சள் நெருப்பு கூரைக்குத் தாவியது. "ஏரோப்பிளேன எரிக்கிறதுக்கு முந்தி ஏங் கூரைய எரிச்சிராதீங்க" என்றாள் வேலம்மா. சில வாரங்களில் ஸஹாப்தீன் பக்கத்தில் இருக்க அசல் எஞ்சினையே ஸ்டாட் பண்ணினான். முள் ஏறியது, தயங்கியது, இறங்கியது. உதைக்காமல், ஏசாமல் ஒரு எஞ்சின் அவன் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

4

கம்பெனி ஒரு புதிய சேவை தொடங்கியது. திறந்துவைக்க ஒரு பிரதியமைச்சர் வருவதாகவும், எஞ்சின் பொத்தானை அவரே அமுக்குவதாகவும் ஏற்பாடு. சும்மா அமுக்கிவிட முடியுமா? நேரம் பார்த்தார்கள். இந்த நாட்டில் நல்ல நேரம் தனியாக வருவதில்லை, ஒரு திசையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கிழக்கு முகமாக என்று சோதிடர் சொல்லிவிட்டார். அடுப்பு மூட்டுவதென்றால் ஆள் திரும்பி நின்றுகொள்ளலாம். இங்கே விமானத்தை டிராக்டரில் கட்டி இழுத்துக் கிழக்கே திருப்பினார்கள். அது ஜூலை மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று பந்தல் துணிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

ஸஹாப்தீன் விழாக் குழுத் தலைவரிடம் போய் வாயைத் திறந்தார். சோதிடரைவிட உமக்குக் கூடத் தெரியுமோ என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார். ஸஹாப்தீன் வாயை மூடிக்கொண்டார்.

(என்னிடம் இதை அவர் இப்படிச் சொல்லவில்லை. "நான் சென்னேன், வள்ளாஹி, நான் சென்னேன்" என்று மட்டும் சொன்னார். நான் கேட்காமலே ஆணையிட்டார். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.)

அன்று பின்னேரமே ஸஹாப்தீனுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று.

"நாளைக்கி கைப்பிடி ஒங்கட கையில, அண்ணே" என்றார் நாகமுத்துவிடம். வேலை நேரத்தில் அவர் அவனை அண்ணே என்றதில்லை. "நல்லாச் செஞ்சா நாளைக்கே நிரந்தரமாம். கம்பெனிப் பெரியவரே சென்னார்."

கப்டனாக இருந்தவனை எடுபிடியாக இறக்க எனக்கு நாலு பிரதி பிடித்தது. பழி விழும் என்று தெரிந்ததும் ஒரே பின்னேரத்தில் அவனை ஆசனத்தில் ஏற்றிவிட்டார்கள். இதற்காவது ஆசிரியர் ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்த்தேன். வாசித்துவிட்டு, "இது நடக்கும், நம்பலாம்" என்றார்.

வேலம்மா கண்ணீர் மல்க

(இல்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. கதையில் பெண் என்றால் அழ வேண்டும் என்று என் பேனாவுக்கு ஒரு பழக்கம்.)

வேலம்மா மறுநாளைக்கான வெள்ளைச் சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"காத்து நின்னுருச்சின்னா ஒரு தொந்தரவும் இல்ல புள்ள. சில நாளு காலையில நிக்கும்."

"நிக்காட்டி?"

"முள்ளு ஏறும். மூடணும். மூடுனா, நல்ல நேரத்துல எஞ்சின சாகடிச்சிட்டான்னு சொல்லுவாங்க. மூடாட்டி எரிஞ்சிரும்."

"ரெண்டுக்கும் ஏச்சு நமக்குத்தானே?"

"நமக்குத்தான்."

வேலம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏச்சுத்தான் வாங்கப் போறீங்கன்னா, சரியாச் செஞ்சே வாங்கிட்டு வாங்களேன்."

நாகமுத்துவுக்குக் கோபம் வந்தது. வேலை நிரந்தரமாகப் போகிறது என்று லயம் முழுக்கச் சொல்லி அனுப்பியவளும் இவள்தானே. வெளியே போய்க் காற்றைப் பார்த்தான்.

5

மறுநாள் குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டு, பாண்ட் வாத்தியம் எல்லாம் இருந்தன. உண்மையான விமானி மாலையோடு கீழே நின்றார். படத்துக்கு அவர் தேவைப்பட்டார். அவருடைய ஆசனத்தில் பிரதியமைச்சர். பக்கத்து ஆசனத்தில் நாகமுத்து. பெரிய மனிதர் எவருக்கும் பக்கத்தில் அவன் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை, ஆகவே நுனியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியே பந்தல் கொடிகளைப் பார்த்தான். எல்லாக் கொடிகளும் கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தன.

(காற்றை நிறுத்துவது என் கையில்தான் இருக்கிறது. ஒரு வரி போதும். காற்று சட்டென்று நின்றது என்று எழுதியும் பார்த்தேன். முள் ஏறி, தயங்கி, இறங்கியது. பாண்ட் முழங்கியது. எனக்கே கண் கலங்கிவிட்டது. பிறகு வெட்கமாகப் போயிற்று. ஜூலை மாதக் கச்சானை நிறுத்த அமைச்சராலேயே முடியாது, நான் யார்?)

"ஹரித?" என்றார் பிரதியமைச்சர். சரிதானா என்று கேட்கிறார்.

காற்று பின்னாலிருந்து அடிக்கிறது, மாத்தயா, என்று நாகமுத்து சிங்களத்திலேயே சொன்னான்.

பிரதியமைச்சர் சிரித்தார். பின்னால் அடித்தால் நல்லதுதானே, தள்ளிவிடுமே என்றார்.

கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற விழாக் குழுத் தலைவர் கையை வீசினார். நேரம் வந்துவிட்டது. பிரதியமைச்சர் பொத்தானை அமுக்கினார். விசிறி காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. வேகம் பிடிக்குமுன் கைதட்டல் வந்துவிட்டது. நாகமுத்து பொறுத்தான். "தென், தென்!" என்று பிரதியமைச்சர் அவசரப்படுத்தினார், இப்போதே திற என்று. நாகமுத்து இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கைப்பிடியைத் திறந்தான். உள்ளே பொம்மென்று பற்றியது. முள் ஏறியது.

தயங்கவில்லை.

6

இதற்கு மேல் ஸஹாப்தீனை நம்பி எழுத முடியாது. அவர் அந்த நேரத்தில் கக்கூசுக்குப் பின்னால் நின்றார். டீக்கடையில் சொல்லும்போது எஞ்சின் உருகி வழிந்தது என்கிறார். பம்பு திருத்த வந்தவர்களிடம், தான் ஓடிப்போய்க் காப்பாற்றியதாகச் சொல்கிறார். ஒன்றை மட்டும் எங்கேயும் மாற்றுவதில்லை. அன்று மாலையே நாகமுத்துவைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

முடிவுகள் கைவசம் இல்லாமல் இல்லை. மலருக்கு ஒன்று கொடுத்தேன்: எஞ்சின் சிங்கம் போல் கர்ஜிக்கிறது, பிரதியமைச்சர் நாகமுத்துவின் முதுகில் தட்டுகிறார். அது அச்சாகிவிட்டது, நாடும் முன்னேறிவிட்டது. பரிசுப் போட்டிக்கு இன்னொன்று வைத்திருக்கிறேன்: விமானம் எரிகிறது, வேலம்மா தலைவிரிகோலமாக ஓடிவருகிறாள். அவளை ஓடவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசிவரை அசையவில்லை. மூன்றாவது முடிவில், தலைமன்னார்த் துறையில் இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருக்கும் வரிசையில் நாகமுத்துவைக் கண்டு, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறேன்.

(நான் தலைமன்னாருக்குப் போனதே இல்லை. போயிருந்தாலும் கேட்கிற முகம் எனக்கு இருந்திருக்காது. அவரைச் சிரித்துச் சிரித்துத்தானே எழுதத் தொடங்கினேன்.)

7

நான் எழுந்துகொள்கிறேன். இந்த ஆசனத்தில் நீங்கள் உட்காருங்கள். நுனியில் வேண்டாம், நன்றாகவே உட்காருங்கள்.

வரிசை உங்களுக்குத் தெரியும். காற்றைப் பார்த்தாயிற்று. சொல்லியும் பார்த்தாயிற்று. முள்ளுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட இல்லை. வேலை போகப் போகிறது, மூடினாலும் போகும், மூடாவிட்டாலும் போகும். சேர்ட்டுப் பொத்தான் கழுத்தில் இறுக்கமாக இருக்கிறது. கைப்பிடியின் மேல் உங்கள் கை.

பிரதியமைச்சர் சிரித்த முகத்தோடு தன் கையை உங்கள் கையின் மேல் வைத்துப் பிடித்துக்கொள்கிறார். விமானத்தின் மூக்குக்கு முன்னால் ஏணியில் ஏறி நிற்கும் படக்காரர், இரண்டு பேரும் கொஞ்சம் அசையாமல் இருக்கும்படி சைகை காட்டுகிறார். இனி உங்கள் பாடு.